தீயணைத்தவருக்கு வந்த பில்: கோர்டன் பிரவுணும் 2010 தேர்தலும்

கோர்டன் பிரவுண் ஏன் தோற்றார் எண்டு பிரித்தானியாவில் ஆரையும் கேட்டால், பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்றுதான் வரும். சிரிக்கத் தெரியாத மனுசன். பேச வந்த ஒரு வயதான அம்மாவை முதுகுக்குப் பின்னால் திட்டி மைக்கில் மாட்டுப்பட்டவர். நாட்டின்ர காசை எல்லாம் செலவழிச்சு முடிச்சவர். முதல் இரண்டும் ஓரளவு உண்மை, ஆனால் அவை ஒரு அரசாங்கத்தைக் கவிழ்க்கப் போதாது. மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. அது அரைகுறையான பதில். இருந்தும் அதுதான் வென்றது. அது எப்படி வென்றது எண்டு விளங்கினால்தான், 13 வருடம் ஆண்ட தொழிற்கட்சி 2010இல் ஏன் வெளியேறியது என்பதும், அதற்குப் பிறகு அந்த நாட்டு இளைஞர்களுக்கு என்ன நடந்தது என்பதும் விளங்கும்.

எங்கட ஆக்களுக்குப் பிரவுணின் பெயர் வேறொரு காரணத்தால் நினைவிருக்கும். 2009 ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் புலம்பெயர் தமிழர் இரவு பகலாக நின்றபோது, வீதிக்கு அந்தப் பக்கம் ஆட்சியில் இருந்தது அவருடைய அரசாங்கம். அந்த வருடம் பெப்ரவரியில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் டெஸ் பிரவுணை (பெயர் ஒற்றுமைதான், சொந்தம் இல்லை) இலங்கைக்கான விசேட தூதராக நியமித்தார். கொழும்பு அவரை ஏற்க மறுத்தது. ஏப்ரல் கடைசியில் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் பிரான்ஸ் வெளியுறவு அமைச்சரோடு வந்து போர்நிறுத்தம் கேட்டார், வெறுங்கையோடு திரும்பினார். அந்தச் சதுக்கத்தில் நின்றவர்களுக்கு இருந்த கோபம் நியாயமானது. ஆனால் பிரவுணை வீழ்த்தியது அது இல்லை. 2010இல் பிரித்தானிய வாக்காளர் பார்த்தது தங்கட சட்டைப்பையைத்தான்.

முதலில் வாக்குக் கணக்கைப் பார்ப்போம். 1997இல் டொனி பிளேயர் தலைமையில் தொழிற்கட்சி 13.5 மில்லியன் வாக்குகள் எடுத்தது. 2001இல் அது 10.7 மில்லியன். ஈராக் போருக்குப் பிறகு, 2005இல், 9.5 மில்லியன். 2010இல் பிரவுண் எடுத்தது 8.6 மில்லியன். அதாவது, தொலைந்த ஐந்து மில்லியன் வாக்குகளில் நாலு மில்லியன் பிளேயர் இருக்கும்போதே போய்விட்டது. தொகுதிவாரித் தேர்தல் முறை அந்த ஓட்டையை மறைத்தது: 2005இல் வெறும் 35 வீத வாக்குகளோடு 66 ஆசனப் பெரும்பான்மை கிடைத்தது. வெளியில் இருந்து பார்த்தால் வீடு நல்லாத்தான் இருந்தது. கறையான் உள்ளே.

பிரவுண் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவரும் இல்லை. ஸ்கொட்லாந்துப் போதகர் ஒருவரின் மகன். பதினாறு வயதில் ரக்பி விளையாட்டில் பட்ட அடியால் இடது கண் பார்வை போனவர். அதே வயதில் எடின்பரோ பல்கலைக்கழகம் போனவர். பின்னர் ஸ்கொட்லாந்துத் தொழிற்கட்சியின் வரலாற்றில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். 1997இலிருந்து பத்து வருடம் நிதியமைச்சர். வந்த சில நாட்களிலேயே வட்டி வீதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மத்திய வங்கியிடம் கொடுத்தார். அவருடைய காலத்தில்தான் தேசிய குறைந்தபட்ச ஊதியம் வந்தது, ஏழைக் குடும்பங்களுக்கு வரிச்சலுகைக் கொடுப்பனவுகள் வந்தன. இவையெல்லாம் சின்ன விசயங்கள் இல்லை.

ஆனால் இந்த நல்ல காரியங்களுக்கான காசு எங்கிருந்து வந்தது? கணிசமான பங்கு லண்டன் நிதிச் சந்தையிலிருந்தும் வீட்டுச் சந்தையிலிருந்தும் கிடைத்த வரியால் வந்தது. வங்கிகள் கொழுத்தால் அரசுக்கு வரி, அந்த வரியில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும். ஆகவே வங்கிகளை அதிகம் நோண்டக்கூடாது. பொருளாதாரம் இனி மேலே எகிறிக் கீழே விழும் காலம் முடிஞ்சுது எண்டு பிரவுண் திரும்பத் திரும்பச் சொன்னார். 2007 ஜூன் 20ஆம் திகதி, பிரதமராவதற்கு ஒரு வாரம் முன்னர், லண்டன் நிதித்துறைப் பெரியாக்கள் கூடும் மான்ஷன் ஹவுஸ் விருந்தில், வரலாறு இந்தக் காலத்தை லண்டன் நகரின் புதிய பொற்காலத்தின் தொடக்கமாகப் பதியும் எண்டு பேசினார். மூன்று மாதம் தாண்டவில்லை, நோர்தேர்ன் ரொக் வங்கியின் வாசல்களில் சனம் வரிசையில் நின்றது.

வரிசை எண்டால் என்ன எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிரித்தானியாவில் அந்தத் தலைமுறை வங்கி வாசலில் அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. 2007 செப்டெம்பர் 14, வெள்ளிக்கிழமை, விடிய முதலே ஆக்கள் கதிரை போட்டுக் குந்தியிருந்தார்கள். அன்றைய வைப்புக் காப்புறுதி முதல் 2,000 பவுணுக்கு மட்டும்தான் முழு உத்தரவாதம் கொடுத்தது. அதற்கு மேல் 33,000 பவுணுக்கு 90 வீதம். பத்திரிகையில் அதை வாசித்தவர் வரிசையில் போய் நின்றதைப் பயம் எண்டு சொல்லேலாது, அது கணக்குத் தெரிஞ்ச வேலை. திங்கட்கிழமை மாலை நிதியமைச்சர் அலிஸ்டெயர் டார்லிங் எல்லா வைப்புக்கும் அரசு பொறுப்பு எண்டு அறிவித்த பிறகுதான் வரிசை கலைந்தது. அடுத்த பெப்ரவரியில் வங்கி அரசுடைமை ஆனது.

அந்த வரிசைக்குப் பிறகும் கருத்துக்கணிப்பில் பிரவுண் முன்னுக்குத்தான் நின்றார். அந்தக் கோடையில் குண்டுவெடிப்பு முயற்சிகள், வெள்ளம், மாட்டு நோய் எண்டு வரிசையாக வந்தவற்றை நிதானமாகக் கையாண்டவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. கட்சிக்குள் போட்டியே இல்லாமல் தலைவரானவர், நாட்டிடமும் வாக்குக் கேட்காமல் பிரதமரானவர். ஆகவே உடனே ஒரு தேர்தல் வைத்து தன் சொந்த ஆணையை எடுக்கலாம் எண்டு அவருடைய ஆக்களே பத்திரிகைகளுக்குக் கசியவிட்டார்கள். தேர்தல் வேலைகளும் தொடங்கின. பிறகு ஒக்டோபர் 1ஆம் திகதி, எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜோர்ஜ் ஒஸ்போர்ன், வாரிசுரிமை வரியை ஒரு மில்லியன் பவுணுக்கு மேற்பட்ட சொத்துக்கு மட்டும் எண்டு மாற்றுவோம் என்றார். கருத்துக்கணிப்பு ஒரே வாரத்தில் திரும்பியது. ஒக்டோபர் 6, பிரவுண் தேர்தல் இல்லை என்றார். அதோடு நிற்கவில்லை, கருத்துக்கணிப்பைப் பார்த்து நான் இந்த முடிவை எடுக்கவில்லை எண்டும் சொன்னார். அதைக் கேட்டு நாடே சிரித்தது. பயந்ததைக்கூட மன்னிப்பார்கள், பயப்படவே இல்லை எண்டு சொன்னதுதான் பிழைச்சுப்போனது. நவம்பரில் லிபரல் ஜனநாயகக் கட்சியின் வின்ஸ் கேபிள் பாராளுமன்றத்தில் எழும்பி, சில கிழமைக்குள் பிரதமர் ஸ்டாலினிலிருந்து மிஸ்டர் பீன் ஆகிவிட்டார் என்றார். அந்தப் பட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

இதைவிட ஆழமாகக் காயப்படுத்தியது பத்துப் பென்ஸ் விவகாரம். தேர்தல் நாடகம் பத்திரிகைக்காரரின் கதை. பத்துப் பென்ஸ் ஏழையின் சம்பளச் சீட்டில் நடந்தது.

1999இல் பிரவுணே கொண்டுவந்த திட்டம் அது. வருமான வரி தொடங்கும் முதல் படியில் பவுணுக்குப் பத்துப் பென்ஸ் மட்டும். குறைந்த சம்பளக்காரருக்கு அது ஒரு மூச்சு. 2007 மார்ச்சில், நிதியமைச்சராக வாசித்த கடைசி பட்ஜெட்டில், அவரே அந்தப் படியை ஒழித்தார். அந்தக் காசை வைத்துப் பொது வரி வீதத்தை 22இலிருந்து 20 ஆகக் குறைத்தார். பேச்சின் கடைசியில் அந்த இரண்டு பென்ஸ் அறிவிப்பு வந்ததும் அவருடைய பின்வரிசை எம்.பி.மார் கைதட்டி ஆரவாரித்தார்கள். காசு எங்கிருந்து எடுக்கப்பட்டது எண்டு கனபேர் அப்போது யோசிக்கவில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2008 ஏப்ரலில். அரிசி, பாண், பெற்றோல் எல்லாம் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். பிள்ளைகள் இல்லாத குறைந்த சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 232 பவுண் வரை நட்டம். ஐந்து மில்லியனுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. நடுத்தர சம்பளக்காரர் இலாபம் பார்த்தார். துப்புரவுத் தொழிலாளியிடம் எடுத்து அலுவலக மனேஜருக்குக் கொடுத்தது போல ஒரு வேலை, அதையும் தொழிலாளரின் பெயரை வைத்திருக்கும் கட்சி செய்தது.

தொகுதிக்குப் போன எம்.பி.மாருக்கு வீடு வீடாக ஏச்சு. அவர்கள் பிரவுணிடம் வந்து சொன்னபோது, ஒருத்தருக்கும் நட்டமில்லை எண்டு அவர் வாதாடினதாகப் பல பேர் பின்னர் சொன்னார்கள். சொந்தக் கட்சி எம்.பி. ஃப்ராங்க் ஃபீல்ட் கலகத்துக்குத் தலைமை தாங்க, மே மாதம் டார்லிங் 2.7 பில்லியன் பவுணைத் தேடி எடுத்து நட்டத்தில் பெரும்பகுதியை ஈடுசெய்தார். அது பிந்திப்போன வேலை. அதே மாதம் க்ரூ அன்ட் நான்ட்விச் இடைத்தேர்தல். தொழிற்கட்சியின் நீண்டகாலக் கோட்டை. கன்சர்வேட்டிவ் வேட்பாளரைப் பணக்கார வீட்டுப் பெடியன் எண்டு காட்டுவதற்காகத் தொழிற்கட்சித் தொண்டர்கள் உயரத் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தார்கள். 17.6 வீத வாக்கு மாற்றத்தோடு தொகுதி போனது. கன்சர்வேட்டிவ் கட்சி இடைத்தேர்தலில் தொழிற்கட்சியிடமிருந்து ஒரு ஆசனத்தைப் பிடித்தது 30 வருடத்தில் அதுவே முதல் தடவை. வரிச்சீட்டைக் கையில் வைத்திருக்கிற ஒருவருக்கு முன்னால் வர்க்கம் பற்றிப் பகிடி விட்டால் அந்தப் பகிடி எடுபடாது.

இந்த நிலையில்தான் 2008 செப்டெம்பரில் லீமன் பிரதேர்ஸ் விழுந்தது. இங்கேதான் பிரவுணின் கதை விசித்திரமாகிறது. ஏனெண்டால், அடுத்த சில வாரங்கள் அவர் உண்மையிலேயே திறமாக வேலை செய்தார். நாங்கள் அவரின் ரசிகர்கள் இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

ஒக்டோபர் 7ஆம் திகதி டார்லிங் வெளிநாட்டுக் கூட்டமொன்றில் இருந்தார். ரோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லாண்டின் தலைவர் அழைப்பெடுத்து, இன்னும் சில மணித்தியாலங்களில் எங்களிடம் காசு முடிந்துவிடும் எண்டு சொன்னதாக அவர் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்போது அது உலகின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்று. அது பூட்டினால் ஏ.டி.எம். இயந்திரங்கள் நின்றுவிடும், சம்பளம் போகாது, கடைகள் பொருள் வாங்கேலாது. அமெரிக்கா அந்த நேரம் வங்கிகளின் கெட்ட கடன்களை வாங்குவது பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. பிரவுணும் டார்லிங்கும் வேறு வழி எடுத்தார்கள்: அரசு நேரடியாக வங்கிகளின் பங்குகளை வாங்கி முதலைக் கூட்டுவது. ஒக்டோபர் 13ஆம் திகதி மூன்று வங்கிகளுக்கு 37 பில்லியன் பவுண். அடுத்த நாளே அமெரிக்காவும் அதே வழிக்கு வந்தது, ஐரோப்பிய நாடுகளும் வந்தன. அந்த வாரம் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் போல் க்ருக்மன் தன் பத்தியில் பிரவுணைப் பாராட்டி எழுதினார். 2009 ஏப்ரலில் லண்டனில் ஜி20 மாநாட்டைக் கூட்டி, 1.1 ட்ரில்லியன் டொலர் ஏற்பாட்டை அறிவிக்க வைத்ததிலும் அவர் பங்கு பெரிது.

கருத்துக்கணிப்பில் இடைவெளி சுருங்கியது. டிசெம்பரில் பாராளுமன்றத்தில் வங்கிகளைக் காப்பாற்றினோம் எண்டு சொல்ல வந்தவர், நாக்குத் தவறி, உலகத்தைக் காப்பாற்றினோம் எண்டு சொல்லிவிட்டார். எதிர்வரிசை வயிறு நோகச் சிரித்தது.

ஆனால் தீயை அணைத்ததைப் பற்றிப் பேச வெளிக்கிட்டால், தீ ஏன் பிடித்தது எண்டும் கேள்வி வரும். பொற்காலம் எண்டு சொன்னவர் இவர்தானே, வங்கிகளை மேற்பார்வை செய்யும் அமைப்பை உருவாக்கியவரும் இவர்தானே. அந்தக் கேள்விக்குப் பிரவுணிடம் ஒரு பதில்தான் இருந்தது: இது அமெரிக்காவில் தொடங்கிய உலக நெருக்கடி. உண்மைதான், ஆனால் அரை உண்மை. மேற்பார்வை அமைப்பை உருவாக்கியதில் பெரிய பிழை விட்டோம் எண்டு அவர் வெளிப்படையாகச் சொன்னது 2011 ஏப்ரலில், பதவி போய்க் கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்குப் பிறகு. 2009இல் சொல்லியிருந்தால் தேர்தலை வென்றிருப்பார் எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் தன் தரப்புக் கதையைச் சொல்ல ஒரு வாய் மிஞ்சியிருக்கும்.

இதற்குள் சனத்தின் கோபத்துக்கு வேறு தீனியும் கிடைத்தது. 24 பில்லியன் பவுண் நட்டத்தில் போன அந்த ஸ்கொட்லாந்து வங்கியின் முன்னாள் தலைமை நிர்வாகி ஃப்ரெட் குட்வினுக்கு வருடத்துக்கு ஏழு இலட்சம் பவுண் அளவில் ஓய்வூதியம் எண்டு 2009 தொடக்கத்தில் தெரியவந்தது. மே மாதம் எம்.பி.மாரின் செலவுக் கணக்குகளை டெய்லி டெலிகிராப் வெளியிடத் தொடங்கியது. அகழி துப்புரவாக்கிய செலவு, குளத்தில் வாத்துக்குக் கட்டும் வீடு எண்டு உரிமைக் கோரிக்கைகள். அந்த அகழியும் வாத்து வீடும் கன்சர்வேட்டிவ்காரருடையவை, ஆனால் ஆளும் கட்சிக்குத்தான் அடி. சபாநாயகர் பதவி விலக வேண்டி வந்தது, 1695க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. ஜூனில் ஐரோப்பியத் தேர்தலில் தொழிற்கட்சி 15.7 வீதத்தோடு மூன்றாம் இடம். அமைச்சர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். 2010 ஜனவரியில்கூட இரண்டு முன்னாள் அமைச்சர்கள் அவரை இறக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. அவரை வைத்திருக்கவும் மனமில்லை, இறக்கவும் துணிவில்லை: கட்சியின் கடைசி இரண்டு வருடத்தின் நிலை அதுதான்.

இப்போது அந்த மூன்றாவது பதிலுக்கு வருவோம். காசைச் செலவழிச்சு முடிச்சவர்.

நெருக்கடிக்கு முன்னர், தேசிய வருமானத்தோடு ஒப்பிட்டால், பிரித்தானிய அரசின் கடன் 1997இல் இருந்ததைவிட அதிகமாக இருக்கவில்லை. நல்ல வருடங்களில் கொஞ்சம் சேமித்திருக்கலாம் என்ற விமர்சனம் சரியானது. ஆனால் அந்த நல்ல வருடங்களில் எதிர்க்கட்சி என்ன சொன்னது? 2007 செப்டெம்பரில் ஒஸ்போர்ன், தொழிற்கட்சியின் செலவுத் திட்டத்தையே தாங்களும் பின்பற்றுவோம் எண்டு வாக்குறுதி கொடுத்தார். அதைக் கைவிட்டது 2008 நவம்பரில், லீமன் விழுந்த பிறகு. 2009-10இல் பற்றாக்குறை தேசிய வருமானத்தின் 10 வீதத்தைத் தாண்டியது உண்மை. அதில் பெரும்பங்கு ஊதாரிச் செலவால் வந்ததில்லை. வங்கியும் வீட்டுச் சந்தையும் படுத்ததால் வரி வருமானம் விழுந்தது, பொருளாதாரம் சுருங்கியது, வேலை இழந்தவர்களுக்குக் கொடுப்பனவு கூடியது. வெள்ளம் வந்த வருடத்துக் கமக்காரனின் கடனைப் பார்த்து ஊதாரி எண்டு சொல்வது போலத்தான் இது.

இதைப் பொறுமையாகச் சொல்லி விளங்கப்படுத்தக்கூடிய ஆள் டார்லிங். 2008 ஓகஸ்டிலேயே, நிலைமை அறுபது வருடத்தில் மோசமானதாக இருக்கலாம் எண்டு ஒரு நேர்காணலில் உண்மையைச் சொன்னார். அதற்காகப் பிரதமரின் ஆக்களே தன்மீது நரகத்தின் படைகளை ஏவிவிட்டார்கள் எண்டு பின்னர் குறைப்பட்டார். 2009 முழுக்கப் பிரவுண், நாங்கள் முதலீடு, அவர்கள் வெட்டு எண்டு ஒரே பல்லவி பாடினார். வெட்டு என்ற சொல்லைத் தன் திட்டம் பற்றி வாயால் சொல்ல செப்டெம்பர் வரை எடுத்தது. பற்றாக்குறை எவ்வளவு பெரிது எண்டு எல்லோரும் கண்டுகொண்டிருக்கும்போது, அதைப் பற்றிப் பேசாத அரசாங்கத்தை ஆர் நம்புவார்? அந்த மௌனத்துக்குள் டேவிட் கமரூன் வந்து நின்று, வீட்டுக் கணக்குப் போல ஒரு கதை சொன்னார்: இவர்கள் கடன் அட்டையை எல்லை தாண்டி உரசிவிட்டார்கள், இனி நாங்கள் கட்டவேணும். அரசாங்கத்தின் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒன்றில்லை எண்டு பொருளியல் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். ஆனால் கடன் அட்டை எல்லோரிடமும் இருந்தது.

தேர்தல் பிரசாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முதன்முறையாகத் தலைவர்களின் தொலைக்காட்சி விவாதங்கள் நடந்தன, லிபரல் ஜனநாயகக் கட்சியின் நிக் கிளெக் இரண்டு கிழமை நட்சத்திரமானார். ஏப்ரல் 28ஆம் திகதி ரொச்டேல் நகரில், காலம் முழுக்கத் தொழிற்கட்சிக்கு வாக்களித்த ஒரு பெண்மணி கடன், குடியேற்றம் பற்றிப் பிரவுணிடம் கேட்டார். சிரித்துப் பேசிவிட்டுக் காருக்குள் ஏறிய பிரதமர், சட்டையில் மைக் கிடக்கிறதை மறந்து, துவேசம் பிடிச்ச பெண் எண்டு திட்டினார். அவர் அந்த அம்மாவின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டதை நாடு நேரலையாகப் பார்த்தது. இதனால்தான் தோற்றார் எண்டு சொல்வார்கள். ஆனால் ரொச்டேல் தொகுதியைத் தொழிற்கட்சி வென்றது!

மே 6ஆம் திகதி முடிவு: கன்சர்வேட்டிவ் 306, தொழிற்கட்சி 258, லிபரல் ஜனநாயகக் கட்சி 57. தொழிற்கட்சிக்கு 29 வீதம். ஆருக்கும் பெரும்பான்மை இல்லை. தொழிற்கட்சியும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் சேர்ந்தாலும் 315தான், தேவை 326. ஐந்து நாள் இழுபறிக்குப் பிறகு, 11ஆம் திகதி மாலை, பிரவுண் மனைவியோடும் இரண்டு சின்ன மகன்மாரோடும் டவுனிங் வீதியை விட்டு நடந்து போனார். அந்தப் பிள்ளைகளை அதுவரை அவர் கமராவுக்கு முன்னால் அதிகம் கொண்டுவந்ததில்லை.

போகும்போது ஒரு துண்டுக் கடதாசி மிஞ்சியது. நிதித் திணைக்களத்தில் நிதியமைச்சருக்கு அடுத்த நிலையில் இருந்த அமைச்சர் லியம் பேர்ன், தனக்குப் பிறகு வருபவருக்குப் பகிடியாக, காசு ஒண்டும் மிச்சமில்லை எண்டு எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். பழைய அமைச்சர்கள் இப்படிப் பகிடிக் குறிப்பு வைப்பது அங்கே ஒரு வழக்கம். புதிய ஆள் அதைப் பத்திரிகையாளரிடம் சொல்லிவிட்டார். தொழிற்கட்சி அந்தக் கோடை முழுக்கத் தலைவர் தேர்தலில் மினக்கெட்டது. செப்டெம்பர் கடைசியில் எட் மிலிபாண்ட் தெரிவாகும் வரை நாலு மாதம், பழைய அரசாங்கத்தின் பக்கம் நின்று பேச ஆளில்லை. அந்த நாலு மாதத்தில் கதை உறைந்துவிட்டது.

அந்தக் கதையின் பெயரில் கமரூன் – கிளெக் கூட்டரசாங்கம் வெட்டத் தொடங்கியது. வற் வரி 20 வீதமானது. இங்கிலாந்தில் வறிய வீட்டுப் பிள்ளைகள் 16 வயதுக்குப் பிறகும் படிக்கக் கொடுத்த வாராந்தக் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. பல்கலைக்கழகக் கட்டண உச்சவரம்பு 9,000 பவுணாக, கிட்டத்தட்ட மூன்று மடங்காக உயர்ந்தது. கட்டணத்தைக் கூட்ட விடமாட்டோம் எண்டு கையெழுத்திட்டு மாணவர் வாக்கை வாங்கிய கிளெக்கின் கட்சிதான் அதற்குக் கைகொடுத்தது. உள்ளூராட்சிச் சபைகளுக்குக் காசு குறைய, வாசிகசாலைகளும் இளைஞர் நிலையங்களும் மூடப்பட்டன. வங்கி முதலாளிகள் தொடங்கிவைத்த நெருக்கடிக்கு, 2008இல் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் பில் கட்டினார்கள்.

2015 தேர்தலுக்குக் கமரூன் அந்தத் துண்டுக் கடதாசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேடை மேடையாகத் தூக்கிக் காட்டினார். ஏப்ரல் 30ஆம் திகதி லீட்ஸ் நகரில் பிபிசி நடத்திய நிகழ்ச்சியில், தொழிற்கட்சி ஆட்சியில் இருந்தபோது அளவுக்கு மிஞ்சிச் செலவழித்ததை ஒப்புக்கொள்கிறீர்களா எண்டு சபையில் ஒருவர் எட் மிலிபாண்டிடம் கேட்டார். இல்லை, நான் அப்படி நினைக்கவில்லை என்றார் அவர். அரங்கு முழுக்க முணுமுணுத்தது. ஒரு கிழமை கழித்து வாக்கெடுப்பு நடந்தபோது தொழிற்கட்சிக்குக் கிடைத்தது 232 ஆசனங்கள், பிரவுண் எடுத்ததைவிட 26 குறைவு.